வண்டி ஓட்டுவதற்கென்றே ஷூ: நம்ம வடசென்னையில் ஓடுமா?

டி.எச்.ரோடு கடை

எல்லோருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு செருப்புக் கடை இருக்கிறது, அப்பா காலத்துக் கடை. மாடியில் சின்னதாக ஒரு பட்டறையும் உண்டு. ஸ்கூல் ஷூவும் ஆண்கள் சாண்டலும் அங்கேயே தைத்து, ஒட்டி, கீழே விற்கிறோம். ஸ்கூல் சீசன் முடிந்ததும் பட்டறையில் வேலை குறைந்துவிடும், பழகின ஆட்களை அனுப்பவும் மனசு வராது. அதனால் வருடம் முழுக்க ஓடுகிற மாதிரி ஒரு சரக்கு வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச காலமாகக் கடைக்கு வருகிறவர்களில் சிலர் "வண்டி ஓட்டத் தோதாக ஒரு ஷூ இருக்கா" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் ஒரே மாதிரி ஆட்களும் இல்லை. புதிதாகக் கார் எடுத்த குடும்பத்து ஆட்கள் கேட்கிறார்கள், ஆப் டாக்சி ஓட்டுகிற பையன்கள் கேட்கிறார்கள். சமீபத்தில் எண்ணூர் பக்கம் டிரெய்லர் ஓட்டுகிற ஒருவர் வந்து, கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவைக் கையில் தூக்கிக் காட்டி, "இதைப் போட்டுக்கிட்டு கிளட்ச்சை மிதிச்சா எவ்வளவு இறங்குதுன்னு காலுக்கே தெரியலை, இதே பாதுகாப்போட லேசா ஏதாவது குடுங்க" என்றார். என்னிடம் அவருக்குக் காட்ட ஒன்றுமே இல்லை.

இதே நேரத்தில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் "டிரைவிங் ஷூ" என்று சொல்லி சாம்பிள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடியில் ரப்பர் குமிழ் குமிழாக வைத்த லோஃபர். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மொத்தமாக எடுத்தால் விலை குறைப்பாராம். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இந்தச் சரக்குக்கு உண்மையில் கிராக்கி இருக்கிறதா, இருந்தால் யாரிடம் இருக்கிறது? வாங்கி விற்பதா, பட்டறையில் நாமே செய்து பார்ப்பதா? எந்த விலைக்குள் நின்றால் நம்ம ஏரியாவில் வாங்குவார்கள்? தொழில் தெரிந்தவர்களும் சரி, வண்டி ஓட்டுகிறவர்களும் சரி, மனதில் படுவதை எழுதுங்கள்.

மாதவரம் மெர்ச்சன்டைசர்

அண்ணா, ஏற்றுமதி ஷூ கம்பெனிகளில் ஆர்டர் பார்க்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் இந்த லோஃபரின் கதை கொஞ்சம் தெரியும். நீங்கள் சொல்கிற குமிழ் சோல் இத்தாலிச் சரக்கு. 1963-ல் ஜியானி மொஸ்டீலே என்பவர் கார் ஷூ என்ற பெயரில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பணக்காரர்கள் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும்போது தோல் சோல் பெடலில் வழுக்கியது, அதற்காக மொகாசின் என்கிற மெல்லிய தோல் ஷூவின் அடியில் ஓட்டை போட்டு ரப்பர் குமிழ்களை வெளியே தள்ளினார்கள். 1970களின் கடைசியில் டாட்ஸ் கம்பெனி இதே ஜாதியில் கொம்மினோ என்று ஒன்றைக் கொண்டுவந்து உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது, அடியில் 133 குமிழ் இருக்கும். கார் ஷூ கம்பெனி 2001-ல் பிராடாவிடம் போய்விட்டது. அதாவது வண்டிக்கென்று பிறந்த செருப்பு, கொஞ்ச காலத்திலேயே பணக்காரர் ஃபேஷன் ஆகிவிட்டது. இன்றைக்கு வெளிநாட்டு ஆர்டர் ஷீட்டில் "டிரைவர்" என்று எழுதியிருந்தால் அது ஒரு டிசைன் பெயர், அவ்வளவுதான். வாங்குகிறவர் கார் ஓட்டுகிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை.

இன்னொரு பக்கம் ஸ்னீக்கர். 1999-ல் பூமா கம்பெனி ஸ்பீட்கேட் என்று ஒன்று விட்டது, ரேஸ் டிரைவர்களுக்குச் செய்த தீப்பிடிக்காத ஷூவின் வடிவத்தை எடுத்து, மெல்லிய சோலோடு தெருவில் போடுகிற ஷூவாக மாற்றினார்கள். நடுவில் எல்லோரும் தடித்த சோலுக்குப் போனதால் அது ஒதுங்கிக் கிடந்தது, 2024-ல் மறுபடி பெரிய விளம்பரத்தோடு கொண்டுவந்தார்கள். அடிடாஸ் சாம்பா, ஒனிட்சுகா டைகர் மாதிரி மெல்லிய சோல் ஷூ எல்லாம் இப்போது பையன்கள் காலில் இருப்பதும் இதே அலைதான். உங்கள் கடைக்கு வருகிற இளசுகள் "டிரைவிங் ஷூ மாதிரி" என்று கேட்டால், பாதிப் பேர் போனில் இந்த வடிவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கிராக்கி நிஜம்தான், ஆனால் எவ்வளவு நாள் நிற்கும் என்பதை நம்பிச் சரக்கை அடுக்காதீர்கள்.

விலைக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. முன்பு 1,000 ரூபாய்க்குள் இருந்தாலே 12 கட்டினோம். அதனால் 1,000-க்கும் 2,500-க்கும் நடுவில் இப்போது நல்ல இடம் கிடைத்திருக்கிறது. கொஞ்சம் நல்ல தோல், நல்ல சோல் போட்டு 1,800 ரூபாய்க்கு விற்றாலும் வரி கழுத்தைப் பிடிக்காது. லோஃபர் வேண்டுமென்றால் டிஸ்ட்ரிபியூட்டரிடம் செட்டாக எடுக்காமல், ஏற்றுமதியில் மிஞ்சியதைப் பெரியமேட்டில் பொறுக்கி, ஓடுகிற சைஸ் மட்டும் எடுங்கள். டிரெய்லர் டிரைவர்களை நம்பி இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, அவர்கள் கையை விட்டுக் காசு கொடுத்து ஷூ வாங்க மாட்டார்கள்.

ஜீரோ கேட் டிரெய்லர்

மேலே கடைசியாக எழுதியிருப்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். நான் ராயபுரத்தில் இருக்கிற சென்னைத் துறைமுகத்து ஜீரோ கேட்டுக்கும் மணலி, மாதவரம் யார்டுகளுக்கும் நடுவில் கண்டெய்னர் அடிக்கிறவன், காமராஜர் துறைமுகத்துக்கும் லோடு போகும். டிரைவர் காசு கொடுக்க மாட்டான் என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள்? பேட்டா காசில் சாப்பாடு போக மிச்சம் பிடித்து போன் வாங்குகிறோம், சீட்டுக்கு மெத்தை வாங்கிப் போடுகிறோம், முதுகுக்கு பெல்ட் வாங்குகிறோம். உடம்பு நன்றாக இருந்தால்தானே நாளைக்கு வண்டி ஏற முடியும். எங்களுக்கென்று யாரும் ஷூ செய்து காட்டவே இல்லை, காட்டியிருந்தால் வாங்குகிறோமா இல்லையா என்று தெரிந்திருக்கும்.

நிலைமை என்னவென்றால், டெர்மினல் கேட்டிலும் ரிஃபைனரி பக்கமும் சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அது நியாயம், கண்டெய்னர் லாக் கழற்றும்போதும் சங்கிலி கட்டும்போதும் கால்மேல் இரும்பு விழுந்தால் விரல் போய்விடும். ஆனால் காண்ட்ராக்டர் வாங்கித் தருகிற ஷூ கட்டிட வேலைக்குச் செய்தது. சோல் தடிமன், முன்னால் இரும்புத் தொப்பி, கணுக்கால் மடங்காது. அதைப் போட்டுக்கொண்டு எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டி அங்குலம் அங்குலமாக ஊர்கிற வரிசையில் கிளட்ச்சைப் பாதி பிடித்து நிற்க வேண்டும் என்றால் முழங்கால் வரைக்கும் வலி ஏறும். அதனால் முக்கால்வாசிப் பேர் என்ன செய்கிறார்கள், ஷூவை சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு வெறுங்காலிலோ ரப்பர் செருப்பிலோ ஓட்டுவார்கள், கேட் வந்ததும் மாட்டிக்கொள்வார்கள். ரப்பர் செருப்பு எவ்வளவு மோசம் என்று ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். மழையில் இறங்கி ஏறினால் ஈரத்தில் கால் உள்ளுக்குள்ளேயே நழுவும், செருப்பு கழன்று பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் நாற்பது டன்னை நிறுத்தக் கடவுள்தான் வர வேண்டும்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது, இதை யாரும் கவனிப்பதில்லை. முன்பெல்லாம் கேபினில் இன்ஜின் சூடு, ஷூ போட்டால் கால் வெந்துவிடும். 2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகிற 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் ஆகிவிட்டது. பழைய வண்டிகள் ஓடி முடிய இன்னும் பல வருடம் ஆகும், ஆனால் புது வண்டி ஏறுகிற டிரைவர் மூடிய ஷூ போட இப்போது தடை இல்லை. கடைக்கார அண்ணே, நீங்கள் செய்வதாக இருந்தால் முன்பக்கம் அகலமாக வையுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டினால் சாயங்காலம் பாதம் வீங்கும், காலையில் சரியாக இருந்த ஷூ அப்போது கடிக்கும். கயிறு வேண்டாம், குனிந்து கட்ட கேபினில் இடம் கிடையாது.

பெரியமேடு பேட்டர்ன்

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. சிடென்ஹாம்ஸ் ரோட்டில் பேட்டர்ன் வெட்டுகிற வேலை எனக்கு, சோல், லாஸ்ட் (ஷூவைப் பூட்டித் தைக்கிற கால் வடிவ அச்சு), பசை, லைனிங் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிற இடம், அதனால் செய்முறையை மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஓட்டுவதற்கு ஷூ என்ன செய்ய வேண்டும் என்று பார்க்க வேண்டும். குதிகாலைத் தரையில் ஊன்றி அதை அச்சாக வைத்துத்தான் முன்பாதம் பெடலை அழுத்துகிறது. குதிகால் சோலின் பின் விளிம்பு சதுரமாக வெட்டியிருந்தால் அந்த விளிம்பில் ஷூ தட்டித் தட்டி உருளும், வளைவாக மேலேறியிருந்தால் சீராக உருளும். ஜாகிங் போகிற ஷூவில் குதிகாலுக்கு அடியில் மெத்தை உயரம், அதனால் கால் பெடலுக்கு மேலே மிதக்கிற மாதிரி இருக்கும், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் மெத்தைக்குள் அமுங்கிப் போகும். சோல் பக்கவாட்டில் அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சின்ன காரில் பிரேக்கோடு ஆக்சிலரேட்டரும் சேர்ந்து மிதிபடும், இது ஆபத்து. ஆக, மெல்லிசான சோல், வளைந்த குதிகால், நீட்டல் இல்லாத விளிம்பு, ஈரத்திலும் எண்ணெயிலும் பிடிக்கிற ரப்பர். இவ்வளவு இருந்தால் அது ஓட்டுகிற ஷூ. மேலே தோலா துணியா என்பதெல்லாம் பிறகு.

குமிழ் லோஃபரில் முதல் மூன்றும் இருக்கும். ஆனால் மொகாசின் கட்டுமானத்தில் தோலே பாதத்தைச் சுற்றி அடிவரைக்கும் போகிறது, குமிழ் வெளியே வருகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். காரில் ஏறி காரில் இறங்குகிறவருக்கு அது சரி. நம்ம பக்கம் வண்டியை ஒரு தெருவில் நிறுத்திவிட்டு இரண்டு தெரு நடக்க வேண்டும், கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ஐப்பசி, கார்த்திகையில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். குமிழ் சீக்கிரம் தேயும், தேய்ந்ததை மாற்றவும் முடியாது. வாங்கினவர் திரும்பி வந்து உங்களிடம்தான் சண்டை போடுவார்.

சோல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பியு, அதாவது பாலியூரித்தேன் சோல் லேசாக, சொகுசாக இருக்கும், ஆனால் ஈரக்காற்றில் அது உள்ளுக்குள்ளேயே சிதையும், ஹைட்ராலிசிஸ் என்பார்கள். கடலோரத்தில் இருக்கிற உங்கள் கடையில் வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தால், போட்டு நாலு அடி நடப்பதற்குள் பொடிப்பொடியாக உதிரும். மெதுவாக விற்கிற சரக்குக்கு பியு போடவே போடாதீர்கள். ஈவிஏ என்கிற ஸ்பாஞ்சு மாதிரி சோல் லேசு, ஆனால் ஈரத் தரையில் அவ்வளவாகப் பிடிக்காது, டீசல் எண்ணெய் பட்டால் இன்னும் மோசம். என் கை வேலையாக இருந்தால் அடியில் எண்ணெயைத் தாங்குகிற நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டி, உள்ளே மெல்லிய ஈவிஏ வைப்பேன். புது மோல்டு போடப் போனால் ஒவ்வொரு சைஸுக்கும் தனி மோல்டு, லட்சக்கணக்கில் போய்விடும். ஷீட்டை டை என்கிற வெட்டு அச்சு வைத்து வெட்டி, குதிகாலில் மேலேற்றி ஒட்டுவது உங்கள் பட்டறையிலேயே முடியும், ஸ்கூல் ஷூ ஒட்டுகிற கைக்கு இது புது வேலை இல்லை.

அப்புறம் லாஸ்ட். நம்மிடம் இருக்கிற லாஸ்ட் பெரும்பாலும் ஐரோப்பிய அளவில் வந்தவை, முன்னால் குறுகல். அடையாறு சிஎல்ஆர்ஐ என்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை 3டி ஸ்கேன் எடுத்து, நம் ஆட்களின் பாதம் அகலம் என்று கண்டுபிடித்தார்கள், அதை வைத்துத்தான் 'பா' என்ற இந்திய அளவு முறையையே முன்மொழிந்தார்கள். டிரெய்லர் தம்பி அகலமாக வையுங்கள் என்று சொன்னது அவருக்கு மட்டும் உள்ள பிரச்சனை இல்லை.

பெரம்பூர் எல்-போர்டு

நான் பெரம்பூரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், என்னிடம் வருகிறவர்கள் அதிகமும் பெண்கள். இங்கே இவ்வளவு பேர் எழுதியும் பெண்கள் காலைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே!

முதல் நாள் வகுப்புக்கு வருகிறவர்கள் காலில் என்ன இருக்கும் தெரியுமா, வேலைக்குப் போடுகிற ஹீல்ஸ், அல்லது பிளாட்ஃபார்ம் சாண்டல், அல்லது பின்பட்டை இல்லாத செருப்பு. ஹீல்ஸில் குதிகாலுக்கு ஊன்ற இடமே கிடையாது, பெடலுக்கும் காலுக்கும் கணக்கு தவறிப்போகும். பிளாட்ஃபார்ம் என்றால் கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாது. வெறுங்காலில் ஓட்டச் சொல்லலாம்தான், ஆனால் அவசரமாக இறங்க வேண்டி வந்தால் ரோட்டில் கண்ணாடித் துண்டு, சூடு. அதனால் ஒரு ஜோடியைக் காரிலேயே வையுங்கள், ஏறியதும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அடுத்த கேள்வி உடனே வரும், "என்ன ஷூ மேடம், எங்கே வாங்குறது?" அதற்கு நான் இன்று வரை ஒரு கடை பெயர் சொன்னதில்லை, சொல்ல ஒன்று இல்லை. ஆண்கள் லோஃபர் 6-ல் தொடங்குகிறது, எங்களுக்கு 3, 4, 5 வேண்டும். பெண்கள் பெல்லி ஷூ மெல்லிசாக இருக்கிறதே என்று வாங்கினால் பின்பக்கம் கழன்று கழன்று வரும், சோல் பிளாஸ்டிக் மாதிரி வழுக்கும்.

கார் ஓட்டக் கற்கிற பெண்கள் வருடத்துக்கு வருடம் கூடுகிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர்களும் நம்ம ஏரியாவில் இருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கார் வந்த பிறகு கிளட்ச் இல்லையே, ஷூ எதற்கு என்று நினைக்க வேண்டாம். இடது கால் சும்மா இருந்தாலும் வலது கால் ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் மாறி மாறிப் போகிறது, பெடல் மாற்றி மிதிப்பதைத் தவிர்க்க அந்தக் காலில் உணர்ச்சி இருந்தாக வேண்டும். மடக்கி ஒரு சின்னப் பையில் போட்டு சீட்டுக்கு அடியில் வைக்கிற மாதிரி, எலாஸ்டிக் வைத்த ஷூ, 3-லிருந்து 7 வரை, 900 ரூபாய்க்குள் கொடுத்தால் நானே மாணவிகளை உங்கள் கடைக்கு அனுப்புகிறேன். கருப்பு மட்டும் போதாது, இரண்டு நிறமாவது வையுங்கள்.

இன்னொரு விஷயம். செருப்பு போட்டு ஓட்டினால் ஃபைன் என்று வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும், அதைச் சொல்லி ஷூ விற்காதீர்கள். 2019-ல் புது மோட்டார் வாகனச் சட்டம் வந்தபோதே, செருப்பு போட்டு ஓட்டுவதற்கு அபராதம் இல்லை என்று மத்திய போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி அலுவலகம் விளக்கம் கொடுத்துவிட்டது. பயமுறுத்தி விற்கிற சரக்கு ஒருமுறைதான் ஓடும்.

சோழவரம் ரேஸ் ரசிகன்

ரேஸ் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் சுருக்கமாக. இரண்டாம் உலகப்போர் காலத்து ஏர்ஸ்டிரிப்பில் ரேஸ் நடந்த சோழவரம் நம்ம வடக்குப் பக்கம்தான், 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு எல்லாம் அங்கே போய்விட்டது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவு ரேஸ் நடந்தபோது பார்க்கப் போன கூட்டத்தில் நிறையப் பையன்களுக்கு ரேஸ் ஷூ ஆசை வந்தது உண்மை. ஆனால் அசல் ரேஸ் ஷூவுக்கு உலக கார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ கொடுக்கிற 8856-2018 என்று தரச்சான்று உண்டு, நெருப்பில் தாங்க வேண்டும், ஸ்பார்கோ, ஓஎம்பி, அல்பைன்ஸ்டார்ஸ் மாதிரி இத்தாலிக் கம்பெனிகள் செய்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் பத்தாயிரக்கணக்கில். அதை வாங்குகிறவர் நம்ம ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், அவர்கள் உங்கள் கடைக்கு வர மாட்டார்கள். அந்த வடிவத்தில் சாதாரண ஷூ செய்தால் விற்கலாம், "ரேஸ் ஷூ" என்று மட்டும் பெயர் போடாதீர்கள், யாராவது நம்பி டிராக்குக்கு எடுத்துப் போய்விட்டால் பாவம்.

எனக்கு இதைவிட பைக் பக்கம்தான் பெரிய சந்தை தெரிகிறது. திருவொற்றியூரில் 1955-லிருந்து புல்லட் செய்த ஊர் நம்முடையது, இங்கே பைக்கைச் சாமி மாதிரி பார்க்கிற பையன்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கியர் போடுகிற இடது ஷூவின் முனை மட்டும் எல்லோருக்கும் கிழியும். அந்த இடத்தில் ரப்பர் பேட் வைத்துத் தைத்து, கணுக்கால் மூடி, உள்பக்கம் கணுக்கால் எலும்புக்கு ஒரு தடுப்பு வைத்த ஷூ, ஆபீஸுக்கும் போட்டுப் போகிற மாதிரி இருந்தால் ஓடும். ரைடிங் பூட் என்று விற்கிறவை எல்லாம் நடக்க லாயக்கில்லாத கனம். கியர் பேட் தனியாக மாட்டுகிற பட்டையும் செய்து 150 ரூபாய்க்கு வையுங்கள், கையில் இருக்கிற ஷூவுக்கே மாட்டிக்கொள்வார்கள்.

டி.எச்.ரோடு கடை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. குமிழ் லோஃபர் சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அக்கா சொன்ன பெண்கள் ஷூவை முதலில் செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது, முதலீடு குறைவு, சைஸும் எங்களிடம் ஸ்கூல் ஷூ லாஸ்டில் பாதி இருக்கிறது. பைக் பேட் பட்டை வெட்டுத் தோலிலேயே வந்துவிடும்.

டிரெய்லர் ஷூதான் மனதைவிட்டுப் போகவில்லை. தம்பி, கேட்டில் என்னதான் பார்க்கிறார்கள்? இரும்புத் தொப்பி இருந்தால் போதுமா, இல்லை முத்திரை ஏதாவது கேட்கிறார்களா? பேட்டர்ன் அண்ணா, தொப்பி வைத்தும் சோலை மெல்லிசாக வைக்க முடியுமா? வெல்க்ரோவா, ஜிப்பா?

ஜீரோ கேட் டிரெய்லர்

அண்ணே, கேட்டில் செக்யூரிட்டி பெரும்பாலும் பூட்ஸால் முனையில் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார், தொப்பி இருக்கிறதா என்று. ரிஃபைனரி பக்கம் கறார், உள்ளே ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று கழற்றியே பார்ப்பார்கள். வெல்க்ரோ வையுங்கள், ஜிப் மண்ணில் மாட்டிக்கொள்ளும். சாம்பிள் ரெடியானால் 9 சைஸில் ஒரு ஜோடி செய்யுங்கள், மணலி எம்எஃப்எல் உரக் கம்பெனி பக்கம் எங்கள் பார்க்கிங்கில் ஆட்கள் போட்டு ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லட்டும். எங்கள் டிரான்ஸ்போர்ட் முதலாளியிடமும் பேசுகிறேன். எப்படியும் ஷூ வாங்கித்தான் தருகிறார், ஓட்டுகிறவன் கழற்றிப் போடாத ஷூவாக இருந்தால் கொஞ்சம் விலை கூடுதலுக்கும் யோசிப்பார்.

மாதவரம் மெர்ச்சன்டைசர்

டிரான்ஸ்போர்ட்காரர் மொத்தமாக எடுப்பார் என்றால் என் கணக்கு மாறுகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். அப்போது சைஸ் தேங்குகிற பயமும் இல்லை. ஆனால் எழுத்தில் ஆர்டர் வாங்கிக்கொண்டு, பாதிப் பணம் முன்னால் வாங்கிவிட்டுத் தோல் வெட்டுங்கள்.

பெரியமேடு பேட்டர்ன்

தொப்பி வைத்தும் மெல்லிசாக முடியும். இரும்புக்குப் பதில் காம்போசிட், அதாவது ஃபைபர் கலவைத் தொப்பி போட்டால் எடை குறையும், அந்த அளவுக்கு முன்னால் உயரமான லாஸ்ட் மட்டும் வேண்டும். தொப்பியின் பின்விளிம்பு முன்பாதம் மடங்குகிற கோட்டுக்கு நன்றாக முன்னாலேயே நிற்க வேண்டும், இல்லையென்றால் பெடலை மிதிக்கும்போதெல்லாம் விரல் மேல் வெட்டும். நீங்கள் பார்த்த சேஃப்டி ஷூவில் பாதி வலி அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் சேஃப்டி ஷூ என்று சொல்லி விற்க வேண்டுமென்றால் ஐஎஸ் 15298 பாகம் 2 தரத்துக்கு நிற்க வேண்டும், தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும், அதற்குச் சோதனை, உரிமம் எல்லாம் உண்டு. காலணிக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையும் 2024 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, உங்கள் பட்டறை அளவுக்கு எது பொருந்தும் என்று தரமணியில் ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கிற பிஐஎஸ் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். முத்திரை வாங்கும் வரைக்கும் அந்த ஷூவை டிரைவர்களிடம் கேட்டுக்குள் போடச் சொல்லிக் கொடுக்கவே கூடாது, ஓட்டிப் பார்க்க மட்டும் கொடுங்கள். உரிமம் உள்ள சேஃப்டி ஷூ யூனிட் யாராவது சோலை மட்டும் நம் சொற்படி மாற்றிச் செய்து தருவார்களா என்றும் கேட்டுப் பார்க்கலாம், உங்களுக்கு அதுதான் சீக்கிரமான வழி.

பெண்கள் ஷூவுக்கு வருகிற திங்கள் சாயங்காலம் பெரியமேட்டுக்கு என்னிடம் வாருங்கள், 4 சைஸ் லாஸ்ட் ஒன்றும் அக்கா ஒருவரின் கால் அளவுத் தாளும் கொண்டு வாருங்கள், பேட்டர்ன் அன்றைக்கே வெட்டித் தருகிறேன். நைட்ரைல் ஷீட் 3 மில்லிமீட்டரில் இரண்டு கடையில் கிடைக்கிறது, மோந்து பார்த்து வாங்க வேண்டும், மறுசுழற்சி ரப்பர் கலந்தது என்றால் மூக்கைத் துளைக்கிற நாற்றம் வரும்.